வாலுக்குள் மாட்டிய கை

என் வலது கை ஒரு விமானத்தின் வாலுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் சடையங்குப்பத்தில் ஒருவரும் நம்புவதில்லை. விமானத்தில் ஏறினாயா என்று கேட்பார்கள். ஏறவில்லை, கையை மட்டும் விட்டேன் என்பேன். மீனம்பாக்கத்திலா என்பார்கள். இல்லை, ராயபுரத்தில், ஒரு மாடி வீட்டு ஹாலில் என்பேன். அதோடு எழுந்து போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டது, கிழவிக்கு மோர் கொடு என்று போகிற போக்கில் என் மகளிடம் சொல்லிவிட்டும் போவார்கள்.

அந்த மாடி வீட்டுக்காரரைத் தெருவே சீஃப் என்றுதான் சொல்லும். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர், எனக்கு டீச்சரம்மா. ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து டீச்சரம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மேசை மணியை வைத்திருந்தார்கள். அதைத் தட்டினால் போய்த் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தட்டாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். அந்த வேலைக்கு இரண்டு பேர் தேவை. ஒருத்தர் தோளைப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் இடுப்பைப் பிடிக்க வேண்டும். வழக்கமாக இருந்த பெண் ஊருக்குப் போனதால், பத்து நாளைக்கு மட்டும் என்று நான் போனேன். கர்ப்பமாக இருந்த என் மகளும் பத்து நாள்தானே என்று தலையாட்டினாள். ஆறாம் நாள் ஊரடங்கு என்றார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நாலு வீட்டில் நோய் வந்தது. தெருவின் இரண்டு முனையையும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. நான் உள்ளே.

விமானத்தைப் பெட்டியில் போட்டு விற்பார்கள், வாங்கி வந்து வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அந்த ஹாலில்தான் தெரிந்தது. அதிலும் முதலில் வாலை மட்டும்தான் அனுப்புவார்களாம். செய்து பழகிப் பிடித்திருந்தால் இறக்கை, உடம்பு என்று பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். புடவைக் கடைக்காரன் முந்தானையை மட்டும் கொடுத்து, கட்டிப் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் நெய்து தருகிறேன் என்பது போல. சீஃப் வாங்கியிருந்தது அந்த முந்தானையைத்தான். ஹாலில் சோபா இல்லை, டிவி இல்லை. இரண்டு பழைய கதவுகளைப் போட்டு நீள மேசை செய்திருந்தார். அதன்மேல் நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அலுமினியத் தகடுகள். சுவர் முழுக்க இங்கிலீஷ் காகிதங்கள், கோடு கோடாகப் படங்கள். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, அதுவும் தமிழில். அந்தக் காகிதங்களுக்கு என்னால் முடிந்தது தினமும் தூசி தட்டுவது மட்டும்தான்.

“இன்னா சீஃபு, பல்லிகிட்ட இருந்து அறுந்து வந்தாப்ல வால் மட்டும் துடிச்சிகினு கீது, பல்லி எங்க” என்று முதல் நாளே கேட்டேன். நான் அவரை நீ, வா என்றே பேசியதில் அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. இரண்டு நாளில் பழகிவிட்டது. பெரிய பெரிய கப்பலை ஓட்டிய மனிதர், ஆனால் தெருமுனைக் கடையைத் தாண்டி ஆறு வருடமாகப் போனதில்லை. மணிச் சத்தம் கேட்கிற தூரத்துக்குள்தான் அவருடைய உலகம். வாலும் அந்தத் தூரத்துக்குள் அடங்கியது.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாலில் ஒரு பலகை படுத்திருக்கும், ஒரு பலகை நிற்கும். படுத்த பலகையின் பின்னால் கீல் வைத்த மடிப்பு ஒன்று ஆடும். அது மேலே எழுந்தால் விமானம் மூக்கைத் தூக்கும், கீழே தணிந்தால் குனியும். நிற்கும் பலகைக்குப் பின்னால் கப்பலுக்கு இருப்பது போலவே சுக்கான். நாலையும் சேர்த்தால் என் ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. தகட்டைத் தகட்டோடு சேர்ப்பது ரிவிட். வெளியிலிருந்து ஒருத்தர் காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று அடிக்கும்போது, உள்ளே இன்னொருத்தர் இரும்புக் கட்டையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அடியில் ரிவிட்டின் மறுமுனை நசுங்கிப் பொத்தான் போல உட்காரும். இதற்கும் இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டில் இருந்த இரண்டு பேர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் கை சின்னது. பத்து வருடம் காசிமேட்டில் இறால் உரித்த கை, இருட்டில் கூட விரலுக்குக் கண் தெரியும். எடை குறைப்பதற்காக உள் தகடுகளில் வட்ட வட்டமாக ஓட்டை வெட்டியிருப்பார்கள். சீஃபின் கை அதற்குள் நுழையாது. என் கை தோள் வரை போகும். தகடு கீறாமல் இருக்கத் தன்னுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கையில் எதுவும் இருக்கக் கூடாது, வளையல், மோதிரம், கயிறு எதுவும். கப்பலில் மோதிரத்தோடு விரலையும் சேர்த்து இழந்தவனைப் பார்த்தவர் அவர். நான் கண்ணாடி வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். எல்லாம் கழற்றியாச்சு என்றேன். அது பொய்.

இரும்புக் காப்பு ஒன்று இருந்தது. என் மகளுக்கு அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது தங்கியதும் எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் பூசாரி சோப்புத் தண்ணீர் போட்டு என் கையில் ஏற்றிய காப்பு. பிள்ளை வெளியே வந்து அழுகிற வரைக்கும் கர்ப்பிணியைப் பெற்றவள் கையை விட்டு அது இறங்கக் கூடாது. சீஃபிடம் சொன்னால் கழற்றச் சொல்வார், இல்லையென்றால் வேலையை நிறுத்துவார். வேலை நின்றால் அந்த வீட்டில் எனக்கு மணிச் சத்தமும் மகளைப் பற்றிய பயமும்தான் மிச்சம். அதனால் காப்பை முழங்கைப் பக்கம் இறுக ஏற்றி, மேலே சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டேன். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு மாதமும் சீஃப் என் ஆதார் அட்டையை வாங்கி, நான் வெளியே போக அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்றார். நானும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு இரும்புக் கட்டையைப் பிடித்தேன்.

படுத்த பலகையை மூடுகிற நாள் அது. கடைசி வரிசை ரிவிட். மதியம் சோறு தின்றுவிட்டு ஆரம்பித்தோம். பலகையின் நுனியில் திறந்திருந்த வாய் வழியாகக் கையை விட்டு, முதல் தகட்டின் ஓட்டையைத் தாண்டி, இரண்டாவது தகட்டருகே கட்டையைப் பிடித்திருந்தேன். நாலைந்து ரிவிட் நன்றாகவே போனது. துப்பாக்கி அடிக்க அடிக்கக் கை நடுங்கியதில் காப்பு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சட்டைத் துணியைச் சுருட்டிக்கொண்டு மணிக்கட்டில் குறுக்கே திரும்பி உட்கார்ந்துவிட்டது. கையை இழுத்தேன், வரவில்லை. ஓட்டையின் விளிம்பு உள்பக்கமாக மடித்திருந்தது. காப்பு அதில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது.

“சீஃபு, உன் வாலு என் கைய புடிச்சிகினு வுடமாட்டேங்குது. உனக்கு சிபாரிசு இருந்தா சொல்லு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் ஊற்றினார், சோப்புத் தண்ணீர் ஊற்றினார். இழுக்க இழுக்கக் கை வீங்கியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மின்விசிறி நின்றதும் அலுமினியம் அடுப்புத் தகடு மாதிரி கொதிக்க ஆரம்பித்தது. சீஃப் ஒரு சின்ன ரம்பத் தகட்டை எடுத்து வந்தார். உள்ளே விட்டுக் காப்பை அறுத்துவிடுகிறேன், பத்து நிமிடம் என்றார். அப்போதுதான் நான் காப்பின் கதையைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளின் கதையையும் சொன்னேன். அவர் கழுத்தில் ஒரு மாதா படம் தொங்கும், கப்பல் கப்பலாக அவரோடு போய் வந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு வழி இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, ஆனால் அவர் கண் அந்த ரிவிட் வரிசையிலேயே ஓடியது. மேல் தகட்டின் ரிவிட்களைத் துளைத்து எடுத்துத் தகட்டைப் பிரித்தால் கை வந்துவிடும். ஆனால் ஓட்டை பெரிதாகும், தகடு வளையும், அந்தப் பலகை பிறகு உதவாது. புதுத் தகடு கடல் கடந்து வர வேண்டும். துறைமுகமே தூங்கிக்கொண்டிருந்த காலம். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி, சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மணி அடித்தது. அவர் மட்டும் தனியாகப் போனார். கட்டில் கிரீச்சிடுவதும், டீச்சரம்மா முனகுவதும், அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. எனக்குக் கால் அந்தப் பக்கம் ஓடப் பார்த்தது. கை விடவில்லை. மூன்று பேர் அந்த வீட்டில், மூன்று பேரும் மாட்டிக்கொண்டு. அதிலும் என் நிலைமைதான் மேல் என்று அப்போதும் ஒரு கேலி மனதில் ஓடியது. நான் எதில் மாட்டியிருக்கிறேன் என்றாவது எனக்குத் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். என் போன் அடித்தது. சீஃப் எடுத்து என் காதில் வைத்தார். மருமகன்.

“அத்த, உன் பொண்ணுக்கு பிரஷர் ஏறிக்கீது. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில சேத்துடணும்னு சொல்ட்டாங்கோ. பொம்பள ஆளு ஒருத்தர் கூட இருக்கணுமாம். உன்ன கேட்டு அழுதுகினே கீது.”

பெண் துணை என்று அவளுக்கு வேறு யாரும் இல்லை. நான் வருகிறேன் என்று சொன்னேன். எப்படி வருவேன் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகு சீஃப் நகரவில்லை. குரல் வெளியே கேட்கிற போன் அது, அவர் எல்லாம் கேட்டுவிட்டார். மெதுவாகச் சுவர்ப் பக்கம் போனார். கோடு போட்ட படங்களுக்கு நடுவில் குத்தியிருந்த ஒரு காகிதத்தைக் கழற்றி, என் முகத்துக்கு முன்னால் அலுமினியத்தின் மேல் வைத்தார். நான் தினமும் தூசி தட்டிய காகிதம். அதன் ஓரத்தில் ரிவிட் கணக்கு கிறுக்கியிருந்தது.

“உன் பாஸ், ஆயாம்மா. வந்து பதினெட்டு நாள் ஆச்சு.”

நான் அந்த எழுத்துகளையே பார்த்தேன். எவ்வளவு பார்த்தாலும் அவை எனக்கு எறும்புகள்தான்.

“ஏன் சொல்லல” என்றேன்.

“நீ போயிட்டா அவள யாரு என்கூடப் புரட்டுவா. ஒரு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த நாள். அப்படியே போயிடுச்சு.”

எனக்கு வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கேலி இருக்கும். புருஷன் செத்த வீட்டிலேயே பறை அடித்தவனைக் கிண்டல் செய்தவள் நான். அன்றைக்கு இடது கை விரலில் அந்தப் பதினெட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னைப் பூட்டி வைக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது, சாவி சுவரில் தொங்கியது, அதற்குத் தினமும் நானே தூசி தட்டினேன். கோபம் அவர்மேல் பாதி, எனக்கு எழுத்து சொல்லிக் கொடுக்காத மொத்த உலகத்தின்மேல் பாதி.

“அறு சீஃபு” என்றேன். “காப்ப இல்ல. வால.”

கரண்ட் இல்லை. கையால் சுற்றுகிற பழைய துளைக்கும் கருவி ஒன்றை எடுத்து வந்தார். முதல் ரிவிட்டின் தலையில் முனையை வைத்தார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். சுற்றச் சுற்ற அலுமினியம் வெள்ளி மயிர் போலச் சுருண்டு என் தோளில் விழுந்தது. முப்பதுக்கு மேல் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் முகத்து வேர்வை தகட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் திருப்புளியை நுழைத்து நெம்பினார். அவ்வளவு நாள் குழந்தையைத் தொடுவது போலத் தொட்ட தகடு, படார் என்று வளைந்தது. என் கை வெளியே வந்தது, காப்போடு.

போக வேண்டும். ஆனால் டீச்சரம்மாவை யார் பார்ப்பது. கீழ் வீட்டில் பாயம்மா இருக்கிறார்கள், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. அவர்களைக் கூப்பிடு என்றேன். இதுவரை யாரையும் எதுவும் கேட்டதில்லை என்றார் சீஃப். இந்த வீட்டு வியாதி இந்த வீட்டோடு என்பது அவருடைய கப்பல் சட்டம். நான் மாடிப்படியில் நின்று கத்தினேன். கையில் கோதுமை மாவோடு பாயம்மா ஏறி வந்தார்கள். ஹாலையும், கிழிந்த வாலையும், என் வீங்கிய கையையும் பார்த்தார்கள். நேராக சீஃபைப் பார்த்துச் சொன்னார்கள்.

“ஆறு வருசமா மேல மணி அடிக்கிறத கேட்டுகினேதான் கீறேன் சீஃபு. இன்னிக்குக் கூப்புடுவாரு, நாளைக்குக் கூப்புடுவாருன்னு பாத்தேன். எந்தப் பக்கமா திருப்பணும், சொல்லு.”

சீஃப் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடம் அவர் சுற்றிலும் கட்டியிருந்தது ஒரு மாடிப்படி உயரம்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கேயாவது கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கடைக்குப் போனாலும் அப்படித்தான். போகிறேன் என்று வெறுமனே சொல்வது பிணம் போகிற வீட்டுக்கு ஒப்பான பேச்சு. நான் தெரிந்தே, குரலை உயர்த்தி, “போறேன்” என்றேன். சீஃபுக்குத் தைக்க வேண்டும் என்று சொன்னேன். தைத்தது.

அவரே ஸ்கூட்டரில் கொண்டு போய் விட்டார். சீட்டின் நாள் முடிந்துவிட்டது என்பதால், தைரியத்துக்குப் பீரோவிலிருந்து கப்பல் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். தோளில் தங்கக் கோடு, வயிற்றில் பொத்தான் போடாத இடைவெளி, உடம்பெல்லாம் பீரோவில் போட்ட அந்துருண்டை வாசனை. தகரத் தடுப்பில் நின்ற போலீஸ்காரப் பிள்ளை முதலில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தது. பிறகு சீட்டைப் படித்துவிட்டு, நாள் தாண்டிவிட்டதே சார் என்றது. சீஃப் ஏதாவது அளப்பார் என்று நினைத்தேன். “சீட்டு நேரத்துக்கு வந்துச்சு தம்பி. நான்தான் இந்தம்மாகிட்டக் குடுக்காம வெச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது” என்றார். பிள்ளை அவரைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, தகரத்தை நகர்த்தியது. திருவொற்றியூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். மணலி ஆலைகளின் நாற்றம் மூக்கில் ஏறியதும் வீடு வந்துவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது. அந்த நாற்றத்துக்கு அழுதவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அவரிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கூடக் கேட்காமல் இறங்கிப் போனேன்.

மறுநாள் காலையில் மகளோடு ஆஸ்பத்திரி வாசலில் நான் இருந்தேன். நாலாம் நாள் பேத்தி பிறந்தாள், பிறந்ததும் ஊருக்கே கேட்கும்படி அழுதாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இங்கிலீஷ் எழுத்தை என் உள்ளங்கையில் எழுதிக் காட்டி, சொல்லு பார்க்கலாம் என்று அதட்டுகிறாள். தப்பாகச் சொன்னால் குட்டு. சீஃப் புதுத் தகடு வரவழைத்து வாலை முடித்துவிட்டார். இரும்புக் கட்டையைப் பிடித்தது பாயம்மா. தன்னுடைய ரிவிட்கள்தான் நேராக இருக்கின்றன என்று என்னிடமே பீற்றிக்கொள்கிறார்கள். டீச்சரம்மா இப்போது உயிரோடு இல்லை. சீஃப் இப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம். இறக்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு வாலோ சீட்டோ முதலில் வருவதில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகும் மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சீஃப் ஞாயிறுதோறும் மருமகனுக்குப் போன் செய்து குழந்தையை விசாரிப்பார். போனை என்னிடம் நீட்டினால் வாங்க மாட்டேன். ஒரு நாள் பேத்தியைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதுதான் சுருக்கென்றது. நான் வாசலில் நின்று உரக்கச் சொன்ன அந்தச் சொல், உள் அறைக்கும் கேட்டிருக்கும். டீச்சரம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. வாலைப் பற்றியும் தெரியாது, சீட்டைப் பற்றியும் தெரியாது. ஒன்றரை மாதம் தன்னைப் புரட்டிய கை, போகிறேன் என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போனது மட்டும் தெரியும். திரும்பக் கேட்கவும் அவருக்கு வாய் இல்லை.

மறுநாளே போனேன். ஹாலில் சீஃப் ஏதோ தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் அவரைத் தாண்டி நேரே உள்ளே போனேன். டீச்சரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலைச் சுற்றிப் போய் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்க வந்தவள், வழக்கம் போல வேறு எதையோ உளறினேன்: பேத்திக்கு உன் மூக்கு, எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று. அவர் இடது கை மெல்ல வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வற்றிப்போன கை. அந்தப் பிடியில் ஒரு காகிதத்தைக் கூட நிறுத்த முடியாது.

“இன்னா டீச்சரம்மா” என்றேன், “நீயும் என்ன புடிச்சு வெச்சிக்கினியா?”

டீச்சரம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பாதி வாய்தான் அசைந்தது, ஆனால் அது சிரிப்பு. ஹாலில் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. பாயம்மா மாவுக் கையோடு மேலே ஏறி வந்து, திருப்பிப் போடும் நேரமாச்சு என்று சொல்லும் வரை நான் கையை எடுக்கவில்லை.